கூட்ட நேரத்தில் பேருந்தும் ரயிலும்: புதிதாகப் போய்வரத் தொடங்குபவர்களுக்கு

புதிதாக வேலைக்கோ படிப்புக்கோ போகத் தொடங்குபவர்கள் நெரிசலைப் பொறுமைக்கு வைத்த சோதனையாக எடுத்துக்கொள்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் பழகிவிடும் என்று நினைப்பு. பழகத்தான் செய்யும். ஆனால் ஒரே நேரத்தில், ஒரே வண்டியில் போகும் இருவரில் ஒருவர் கசங்காமல் இறங்குகிறார், இன்னொருவர் சட்டை நனைந்து, மூச்சு வாங்கி இறங்குகிறார். இரண்டு பேரும் நின்ற இடம்தான் வேறு. உள்ளே அடைபட்ட பிறகு ஓர் அடி நகர்வதுகூட நம் கையில் இருக்காது. ஆகவே எந்த வண்டி, எந்தக் கதவு, ஏறியதும் எந்தப் பக்கம் என்ற மூன்றையும் கதவு திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

முதல் வாரம்: உச்சம் எப்போது என்று பாருங்கள்

"காலையில் எட்டிலிருந்து பத்து வரை கூட்டம்" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த இரண்டு மணி நேரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நடுவில் அரை மணி நேரம்தான் உண்மையான உச்சம். அதற்கு முன்னும் பின்னும் வண்டி நிறைந்திருந்தாலும் மூச்சுவிட முடியும். அந்த உச்சம் எல்லா நிறுத்தத்திலும் ஒரே நேரத்தில் வராது. ஊரின் ஓரத்தில் முன்னதாகவும், மையத்தை நெருங்க நெருங்கப் பிந்தியும் வரும். எனவே அடுத்தவர் சொல்லும் நேரம் உங்களுக்குப் பொருந்தாது. ஒரு வாரம், நீங்கள் ஏறும் இடத்தில் வண்டி வந்த நேரத்தையும், உள்ளே நகர இடம் இருந்ததா என்பதையும் போனில் குறித்து வையுங்கள். ஐந்து நாள் குறிப்பிலேயே பிடிபட்டுவிடும்.

குறிக்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் ஜப்பானியர்களுடையது கைகொடுக்கும். அங்கே ரயில் நெரிசலைச் சதவீதத்தில் சொல்வார்கள். 100 என்றால் எல்லோருக்கும் இருக்கையோ கைப்பிடியோ கம்பியோ உண்டு. 180 என்றால் செய்தித்தாளை மடித்துச் சிரமப்பட்டுப் படிக்கலாம். 200-ல் உடல்கள் உரசி நன்றாகவே அழுத்தும், ஆனாலும் ஒரு வார இதழைப் பிடித்துப் படிக்கலாம். 250 என்றால் வண்டி ஆடும்போதெல்லாம் உடல் சாயும், கையைக்கூட அசைக்க முடியாது. உங்கள் குறிப்பில் 180 வரை உள்ள வண்டிகளைத் தாராளமாக எடுக்கலாம். 200 என்றால் குறைந்த தூரத்துக்கு மட்டும். கையை அசைக்க முடியாத நிலை தெரிந்தால் விட்டுவிடுங்கள். அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாவது பெரிய நஷ்டமில்லை.

உச்சத்துக்கு முன்னால் போவதா, பின்னால் போவதா? முடிந்தால் முன்னால். காலையில் ஒரு ரயில் தாமதமானால் அதில் ஏற முடியாத கூட்டம் அடுத்த ரயிலுக்குத் தாவும், அது அதற்கடுத்ததற்கு. பின்னால் வருபவர்தான் மொத்தத்தையும் சுமக்கிறார்.

நிரம்பி வழியும் பேருந்தை விட்டுவிடலாமா?

அடிக்கடி ஓடும் வழித்தடம் என்றால் பெரும்பாலும் விடலாம். இருபது நிமிடம் காக்க வைத்துவிட்டுப் பிதுங்கி வழிந்து ஒரு பேருந்து வரும், அதன் வாலைப் பிடித்தாற்போல் காலியாக இன்னொன்று வரும். இதைப் பார்த்துத் திட்டாதவர்கள் இருக்க முடியாது. ஓட்டுநர்கள் பேசிவைத்துக்கொண்டு வருவதில்லை. முதல் பேருந்து கொஞ்சம் தாமதமானால் அதற்குள் நிறுத்தத்தில் வழக்கத்தைவிட அதிகம் பேர் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் ஏறி முடிக்க நேரமாகும், தாமதம் கூடும், அடுத்த நிறுத்தத்தில் இன்னும் அதிகம் பேர் நிற்பார்கள். பின்னால் வரும் பேருந்துக்கோ ஏற்ற ஆளில்லை. அது வேகமாக வந்து முதலாவதை நெருங்கிவிடும். 1964-லேயே நியூவெல், பாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் இதைக் கணக்காக எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

நமக்கு இதில் உள்ள பாடம் சுலபம். நெடுநேரம் வராமல் இருந்துவிட்டு நிரம்பி வந்த பேருந்துக்குப் பின்னால் அடுத்தது நெருங்கி வந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். சாலையை எட்டிப் பாருங்கள், செயலி இருந்தால் அதில் பாருங்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் வரும் என்றால் நில்லுங்கள். அரை மணிக்கு ஒன்று ஓடும் தடத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வந்ததில் ஏறிக்கொள்வதுதான் புத்தி.

நடைமேடையில் எங்கே நிற்பது

ரயில் கூட்டம் எல்லாப் பெட்டிக்கும் சமமாகப் பரவாது. இரண்டு இடங்களில் குவியும். ஒன்று, நீங்கள் ஏறும் நிலையத்தில் படிக்கட்டு வந்து சேரும் இடத்துக்கு எதிரே உள்ள பெட்டி. இரண்டாவது, பெரும்பாலானவர்கள் இறங்கும் பெரிய நிலையத்தில் வெளியேறும் வழிக்கு நேராக நிற்கும் பெட்டி. பழகிய பயணிகள் இந்த இரண்டாவதைத்தான் தேடிப் போவார்கள், இறங்கியதும் இரண்டு நிமிடம் மிச்சம் என்பதற்காக. அரை மணி நேரப் பயணத்தில் அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு குவியலுக்கும் தள்ளியிருக்கும் பெட்டியில் ஏறுவது எவ்வளவோ மேல். மாற்று ரயில் பிடிக்க வேண்டியவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. மழை நாளில் கூரையில்லாத கோடிக்குப் போய் நில்லுங்கள். குடை பிடித்துக்கொண்டு நிற்க யாருக்கும் மனம் வராது, அந்தப் பெட்டி காற்றாடும்.

கதவு வந்து நிற்கும் இடம் தரையில் தேய்ந்தோ, கோடு போட்டோ தெரியும். அதற்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். இறங்குபவர்களை முதலில் விடச் சொல்வது மரியாதைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் வெளியே வந்தால்தான் உங்களுக்கு இடம் பிறக்கும். நடுவில் நின்று மறித்தால் இரண்டு பக்கமும் சிக்கிக்கொண்டு கதவு மூடும் நேரம் வந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு இன்னொரு லாபம், கடைசி ஆள் இறங்கியதும் ஓரமாக நழுவி முதலில் நுழைந்துவிடலாம்.

மூடிக்கொண்டிருக்கும் கதவில் கையையோ பையையோ நுழைக்காதீர்கள். தானியங்கிக் கதவு தடிமனான பொருளை உணர்ந்து திறக்கலாம். பையின் மெல்லிய வாரையும் துப்பட்டா நுனியையும் அது கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். வார், நுனி, அடையாள அட்டையின் நாடா எல்லாவற்றையும் ஏறும் முன்பே உள்ளே சொருகுங்கள். அட்டை நாடா அடுத்தவர் பை ஜிப்பில் மாட்டிக்கொள்வதும் அடிக்கடி நடப்பதுதான்.

பை, செருப்பு, சட்டை

முதுகுப் பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டுங்கள் அல்லது கையில் தொங்கவிடுங்கள். முதுகில் இருக்கும்போது அது எங்கே இடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் திரும்பும்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் படும். ரயிலில் இரு பாதங்களுக்கு நடுவில் வைக்கலாம். பேருந்தில் கீழே வைத்தால் முதல் திருப்பத்திலேயே உருளும். தண்ணீர்க் குப்பி, குடை போன்ற கடினமான பொருளைப் பையின் ஓரத்தில் சொருகாமல் உள்ளே வையுங்கள். கூட்டம் அழுத்தும்போது அது நேராக விலா எலும்பில் குத்தும், உங்களுடையதிலோ பக்கத்தவருடையதிலோ.

விரல் மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள். மிதி விழுவது நிச்சயம், எப்போது என்பதுதான் கேள்வி.

உடம்புச் சூட்டைப் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். சும்மா இருக்கும் மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஒரு பெட்டியில் 200 பேர் என்றால் அது 20 கிலோவாட், குளிர்சாதனம் இருந்தாலும் திணறும். குளிர்காலத்தில்தான் இது மோசம். வெளியே குளிருக்குப் போட்ட மேலாடையை உள்ளே கழற்றக் கை நகராது. நடைமேடையிலேயே கழற்றிக் கையில் மடித்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடக் குளிர் ஒன்றும் செய்யாது.

உள்ளே போனதும்

இரண்டு, மூன்று நிறுத்தம்தான் என்றால் கதவோரம் நிற்கலாம். அதற்கு மேல் என்றால் உள்ளே போங்கள். இறங்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லோரும் கதவருகே குவிகிறார்கள். அதனால் இருக்கைகளுக்கு நடுவே உள்ள பாதையில் எப்போதும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும், காற்றும் பிடிமானமும் அங்கே கூடுதல்.

கதவோரத்திலேயே நிற்க நேர்ந்தால், எந்தப் பக்கக் கதவு எந்த நிலையத்தில் திறக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு திறக்காத பக்கம் நில்லுங்கள். திறக்கும் பக்கம் நிற்பவர் ஒவ்வொரு நிலையத்திலும் கீழே இறங்கி வழிவிட வேண்டும். இறங்கி, கதவை ஒட்டி ஓரமாக நின்று, ஆட்கள் வெளியேறியதும் முதல் ஆளாக ஏறிக்கொள்ளலாம். உள்ளேயே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் இருபது பேர் உங்கள்மேல் உரசிக்கொண்டு இறங்குவார்கள்.

அடுத்தது நிற்கும் விதம். புதியவர்கள் பெரும்பாலும் வண்டி போகும் திசையைப் பார்த்து, காலைச் சேர்த்து நிற்பார்கள். பிரேக் போட்டதும் முன்னால் நிற்பவர் முதுகில் போய் விழுவார்கள். சாதாரணமாக ரயில் நிற்கும்போதே உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்னால் இழுக்கும். 60 கிலோ எடையுள்ளவரை யாரோ 6 கிலோ விசையோடு தள்ளுவது போல. பேருந்து திடீரென்று பிரேக் போட்டால் இது பல மடங்காகும். ஆகவே:

1. ஜன்னலைப் பார்த்துப் பக்கவாட்டில் திரும்பி, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். ஒரு பாதம் வண்டி போகும் பக்கம், இன்னொன்று பின்பக்கம். முன்னும் பின்னும் ஆட்டம் வரும்போது எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும், நீங்கள் சாய மாட்டீர்கள்.

2. பேருந்தில் திருப்பங்களும் உண்டு என்பதால் முழுப் பக்கவாட்டு வேண்டாம், சாய்வாகத் திரும்பி நில்லுங்கள். முழங்காலை இறுக்கி நேராக வைக்காமல் இலேசாகத் தளர்த்துங்கள்.

3. செங்குத்துக் கம்பி கிடைத்தால் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் பிடியுங்கள். மேல் கைப்பிடி மட்டும்தான் என்றால் முழங்கையைச் சற்று மடக்கி, சில நிமிடத்துக்கு ஒருமுறை கையை மாற்றுங்கள். கையை நெடுநேரம் தலைக்கு மேல் தூக்கி வைத்தால் தோள் கடுக்கும், விரல் மரத்துப்போகும்.

4. சாய்ந்து நிற்கத் தடுப்பு கிடைத்தால், வண்டி போகும் திசையில் முன்னால் இருக்கும் தடுப்பைத் தேர்ந்து அதில் முதுகைக் கொடுங்கள். பிரேக் போட்டால் தடுப்பே உங்களைத் தாங்கும். எதிர்ப்பக்கத் தடுப்பில் சாய்ந்தால் பிரேக் உங்களை அதிலிருந்து பிய்த்து எறியும்.

பேருந்தில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் குலுக்கல் குறைவு. பின் சக்கரத்தைத் தாண்டிய கடைசிப் பகுதி பள்ளத்தில் இறங்கும்போது தூக்கிப்போடும். தலைசுற்றல், வாந்தி வருபவர்கள் நடுவில் நின்று தூரத்துச் சாலையைப் பார்க்க வேண்டும். போனைக் குனிந்து பார்த்தால் கண் "அசையவில்லை" என்கும், உள்காது "அசைகிறது" என்கும். இந்த முரண்தான் குமட்டுகிறது. படியில் தொங்குவதைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான்: வேண்டாம்.

இருக்கை வேண்டுமென்றால் கதவருகே நின்றுகொண்டு கிடைக்காது. உட்கார்ந்திருக்கும் வரிசையின் எதிரே நிற்க வேண்டும். இறங்கப் போகிறவர் முந்தைய நிறுத்தத்திலேயே போனைப் பையில் போடுவார், ஜிப்பை இழுப்பார், ஜன்னல் வழியே பார்ப்பார். வாயைத் திறந்து தூங்குபவர் எதிரே நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம், பெரும்பாலும் அவர் கடைசி நிறுத்தம் வரை போகிறவர்.

திருட்டும் தொல்லையும்

பிக்பாக்கெட் பெரும்பாலும் நடப்பது ஏறும் இறங்கும் நெரிசலில்தான். எல்லோரும் இடிப்பதால் ஓர் இடி கூடுதலாக விழுந்தால் தெரியாது. ஏறும் முன் பர்சையும் போனையும் முன்பக்கப் பையில் ஜிப் போட்டு மூடுங்கள். பயணச்சீட்டையோ அட்டையையோ முன்பே கையில் எடுத்து வைத்தால் கூட்டத்தில் நின்று பர்சைத் திறக்க வேண்டியதில்லை. கதவோரம் நின்று போன் பார்க்காதீர்கள். கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு குதிப்பவனை உள்ளே இருக்கும் உங்களால் துரத்த முடியாது.

வேண்டுமென்றே தொடுவதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். வண்டி ஆடும்போது பட்டுவிடும் கை, ஆட்டம் நின்றதும் விலகிவிடும். விலகாத கை, நீங்கள் நகர்ந்ததும் கூடவே நகரும் கை தற்செயல் இல்லை. சந்தேகம் இருந்தால் முதலில் பையை நடுவில் கொண்டுவாருங்கள் அல்லது இடம் மாறுங்கள். தொடர்ந்தால் உரக்கச் சொல்லுங்கள், அதுவும் ஆளை அடையாளம் காட்டி: "நீலச் சட்டை, கையை எடுங்க!" பொதுவாக "என்ன இது?" என்றால் யாருக்கும் புரியாது, சட்டை நிறத்தைச் சொன்னதும் பத்துத் தலை திரும்பும். நடத்துநரிடமோ நிலைய ஊழியரிடமோ காவலரிடமோ சொல்லும்போது வண்டி, பெட்டி, நேரம் மூன்றும் தேவைப்படும். பக்கத்தில் பார்ப்பவர் சண்டை போட வேண்டியதில்லை. "நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று சொல்லி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாலே போதும்.

கண் இருட்டினால்

நெரிசலில் மயங்கி விழுவது பலவீனமானவர்களுக்கு மட்டும் வருவதில்லை. அசையாமல் நிற்கும்போது இரத்தம் காலில் தேங்குகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கினால்தான் அது மேலே ஏறும். வெக்கை, வெறும் வயிறு, தண்ணீர் குறைவு மூன்றும் சேர்ந்தால் மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து கண் இருட்டும். காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், நிற்கும்போது அவ்வப்போது குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.

காரணமில்லாத கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, காதில் இரைச்சல், குமட்டல், பார்வை ஓரங்களில் மங்கல் ஆகியவை முன் அறிகுறிகள். வந்ததும் கால்களைக் குறுக்காக வைத்துத் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள், இரண்டு கையையும் முட்டி பிடித்து அழுத்துங்கள். இரத்த அழுத்தம் சற்று ஏறிக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்தில் பக்கத்தவரிடம் "தலை சுத்துது, உட்காரணும்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். இருக்கை இல்லையென்றால் தரையில். வெட்கப்பட்டு நின்றுகொண்டே சமாளிப்பதுதான் ஆபத்து. அடுத்த நிலையத்தில் யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு இறங்கி, நடைமேடை விளிம்பிலிருந்து தள்ளி உட்காருங்கள்.

இன்னொருவர் மயங்கினால், கூட்டம் தாங்கிப் பிடிப்பதால் அவர் விழாமல் நின்றபடியே இருக்கலாம். அது நல்லதில்லை, படுத்தால்தான் தலைக்கு இரத்தம் போகும். இடம் விடச் சொல்லிக் கிடத்தி, காலை உயர்த்துங்கள். நெஞ்சுவலி இருந்தாலோ, ஓரிரு நிமிடத்தில் நினைவு திரும்பாவிட்டாலோ உடனே அவசர உதவியை அழையுங்கள். ரயிலில் இது நடந்தால், நடுவழியில் வண்டியை நிறுத்துவதைவிட ஊழியருக்குத் தகவல் சொல்லி அடுத்த நிலையம்வரை ஓடவிடுவதே பெரும்பாலும் விரைவு, உதவி அங்கேதான் இருக்கும்.

மூச்சு முட்டும் அளவுக்கு நெருக்கினால் முன்கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். விலா விரிய அந்தச் சிறு இடைவெளிதான் தேவை. தள்ளு வந்தால் எதிர்த்துத் தள்ளாமல் அதோடு நகர்ந்து, அடுத்து அது ஓயும்போது சாய்வாக ஓரத்துக்கு வாருங்கள்.

இறங்குவது

இறங்கும் வேலை முந்தைய நிறுத்தத்திலேயே தொடங்க வேண்டும். வண்டி அங்கிருந்து கிளம்பியதும் முன்னால் நிற்பவரிடம் "அடுத்து இறங்குறீங்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளலாம். இல்லை என்றால் "கொஞ்சம் இடம் மாறிக்கலாமா?" கூட்டத்தில் ஆளைத் தாண்டிப் போக வழியிருக்காது, இடம் மாற எப்போதும் வழியுண்டு. இருவரும் முகத்துக்கு முகம் பார்க்காமல் முதுகைத் திருப்பி நழுவினால் சுலபம். பை முதலில், உடம்பு பிறகு. பின்னால் மாட்டிக்கொண்ட பையை இழுத்தால் வார்தான் அறுகும். காதில் ஹெட்போன் இருந்தால் இரண்டு நிறுத்தத்துக்கு முன்பே ஒரு காதைக் கழற்றுங்கள். இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது காதுக்குக் கேடு. அதற்குக் காதை நன்றாக மூடும் வகையோ, இரைச்சலைக் குறைக்கும் வகையோ வாங்குவது நல்லது.

இறங்க முடியாமல் போனால் அடுத்ததில் இறங்கித் திரும்புங்கள். நகரும் வண்டியிலிருந்து குதிப்பதற்கு எந்த அவசரமும் காரணமாகாது.

எல்லாம் தவறும் நாள்

மாற்று வழி ஒன்றை நல்ல நாளிலேயே ஒருமுறை போய்ப் பார்த்து வையுங்கள். ரயில் நின்றுபோன நாளில் தேட ஆரம்பித்தால் உங்களோடு சேர்ந்து ஆயிரம் பேர் அதே பேருந்தைத் தேடுவார்கள். ஒரு கிலோமீட்டர் நடக்கப் பன்னிரண்டு நிமிடம் போதும். கடைசி இரண்டு நிறுத்தத் தூரம் இதற்குள் என்றால் நெரிசல் நாளில் முன்னதாகவே இறங்கி நடந்துவிடுங்கள். வீட்டிலிருந்து எதிர்த்திசையில் ஒரு நிறுத்தம் போய், கிளம்பும் இடத்துக்கு அருகில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் தடங்களும் உண்டு. அப்படிப் போகப் பயணச்சீட்டு விதி அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலைக் கூட்டம் பொதுவாகக் காலையைவிடப் பரந்து கிடக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. அலுவலகத்தில் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போவது பெரும்பாலும் பலன் தரும். காலைக்கு அந்த வசதி இல்லை. மூன்று மாதம் வேலை செய்து நல்ல பெயர் எடுத்தபின், வேலை தொடங்கும் நேரத்தை முப்பது நிமிடம் முன்னால் தள்ள முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். கேட்கும்போது முதல் வாரம் போனில் குறித்து வைத்த அந்தக் கணக்கைக் காட்டினால், "காலையில் கூட்டமா இருக்கு சார்" என்று சொல்வதைவிட அது எடுபடும்.